தண்ணி குடிக்காத கல்லு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம்னு எழுதினா பொய்யாயிடும், சுகமில்லைன்னு எழுதினா நீ அடுத்த வரிக்குப் போக மாட்ட, அதனால மூச்சு விடுறோம், வேளாவேளைக்கு ஏதோ இறங்குது, அப்பாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்ப பரவாயில்லைன்னு மட்டும் வைச்சுக்கோ. நீ எப்படி இருக்கன்னு கேட்க எனக்கு வாய் கூசுது, ஏன்னா எப்படி இருக்கன்னு தெரிஞ்சுதான் எழுதுறேன். உன்கூடத் தங்கியிருக்கிற பையன் போன வாரம் போன் பண்ணினான். நீ அந்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டுட்டு ஏதோ கிடங்குல பெட்டி இறக்கப் போறியாம், திரும்பி வந்தா செருப்பைக் கூடக் கழட்டாம சுவரைப் பார்த்துப் படுத்துக்குறியாம், சாப்பிட்டியான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டுறியாம். அம்மா, இவன் பெரியப்பாவைக் கொன்னுட்டேன் கொன்னுட்டேன்னு சொல்றான், எனக்குப் பயமா இருக்கு, என்ன விஷயம்னு நீங்களாவது சொல்லுங்கன்னு அந்தப் பிள்ளை கேட்குறான். யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும். நீ எங்க போனை எடுக்கிறதில்லை, அதனால அவன் கொடுத்த விலாசத்துக்கு இதை அனுப்புறேன். நடுவுல நிறுத்தாதே, கடைசி வரைக்கும் படி, அப்புறம் கிழிச்சுப் போட்டாலும் சரி. முக்கியமானதை முதல்லயே சொல்லிடுறேன். உங்க பெரியப்பா மேல சுவர் விழுந்ததுக்கு உன் கலவை காரணம் இல்லை. நான்தான் காரணம்.

உனக்குத் தெரிஞ்சதையே சொல்றேன்னு நினைக்காதே, வரிசையா சொன்னாத்தான் எனக்கே எழுத வரும். நீ படிப்பை முடிச்சுட்டு வந்து, இனிமே சூளையில செங்கல் சுட வேண்டாம்ப்பா, மின்சார நிலையத்துல கொட்டி வைச்சிருக்கிற சாம்பல், உருக்காலையில தள்ளிவிடுற கசடு, இடிச்ச கட்டடத்துக் காங்கிரீட்டை உடைச்ச ஜல்லி, இதை வைச்சே கல்லு அறுக்கலாம்னு சொன்னப்ப அப்பா என்ன சொன்னாரு, சாம்பல்ல பாத்திரம் தேய்க்கலாம், வீடு கட்டுவாங்களாடான்னு சிரிச்சாரு. உனக்கு சாம்பல் இன்ஜினியர்னு பேர் வைச்சாரு. முதல் முதல்ல வந்த கல்லை அவர் தலைக்கு மேல தூக்கித் தரையில போட்டாரு, அது உடையலை, அவர் செருப்பு வார்தான் அறுந்துச்சு, நம்ம எல்லாருமே சிரிச்சோம். அன்னிக்கு உங்க பெரியப்பா தன் மரப் பட்டறையில இருந்து வந்து அந்தக் கல்லைக் கையில வைச்சுத் தட்டித் தட்டிப் பார்த்தாரு. நான் இடிக்கிற வீட்டுக் கதவை இழைச்சுப் புதுக் கதவாக்குறேன், நீ இடிக்கிற வீட்டுச் சுவரை அரைச்சுப் புதுச் சுவராக்குற, நம்ம குடும்பத்துக்கு எச்சில் இலை எடுக்கிற ராசிடான்னாரு. கேலிதான், ஆனா முகம் பூரா சந்தோஷம். அவருக்குப் பிள்ளை இல்லை, அதனால உன்னைப் பாதி அவர் கணக்குல வைச்சிருந்தாரு, அதுவும் உனக்குத் தெரியும்.

நீ அந்தக் குளிர் தேசத்துக்குக் கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கலவையை மாத்தின. சிமெண்டை இன்னும் ஒரு பங்கு குறைச்சு அந்த இடத்துல மாவா அரைச்ச கசடைப் போடலாம்னு எழுதி, மிக்ஸருக்குப் பக்கத்துத் தூண்ல ஒட்டி வைச்ச. கீழே சிவப்பு மையில கோடு போட்டு, இந்தக் கல்லு மெதுவாத்தான் இறுகும், மூணு வாரம் தண்ணி அடிக்கணும், முதல் நாலஞ்சு நாள் ஒரு வேளை கூடத் தவறக் கூடாதுன்னு எழுதியிருந்த. தண்ணி அடிக்கிற பொறுப்பு என்னோடது. நானும், நீங்க எல்லாரும் பைப்புக்காரம்மான்னு கூப்பிடுற அந்த அக்காவும். அப்புறம் நீ போன. நீ போனதுக்கு மறுநாள் அப்பா உருக்காலைக்குக் கசடு பேசப் போயிட்டாரு, எட்டு நாள் வரலை. அந்த அக்கா தன் மகளுக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டுச்சு, நான் பார்த்துக்கிறேன் நீ போயிட்டு வாக்கான்னு அனுப்பி வைச்சேன். அதுக்கப்புறம் நான் போய்ப் படுத்துட்டேன், தம்பி. உன் அறையில, உன் கட்டில்ல. மெஷின்காரங்க வந்து கல்லு அறுத்துட்டுப் போற சத்தம் கேட்கும். தண்ணி அடிக்கணும்னு மனசு சொல்லும், கால் எழுந்திரிக்காது. சாயங்காலம் பார்த்துக்கலாம், சாயங்காலம் ஆனா காலைல பார்த்துக்கலாம். நடுவுல ஒரு நாள் தூறிச்சு, ஆண்டவனா பார்த்துத் தண்ணி அடிச்சுட்டான்னு திரும்பிப் படுத்தேன். அது புழுதி அடங்குற தூறல், ஒரு கல்லு கூட நனைஞ்சிருக்காது. இதைப் படிச்சதும் என்னைப் பிரிஞ்ச துக்கத்துலதானே அம்மா படுத்தான்னு உனக்குத் தோணும், அதையும் எடுத்து உன் தலையில வைச்சுக்குவ, நீ அப்படிப்பட்ட பிள்ளை. வைச்சுக்காதே. உலகத்துல எல்லாத் தாயும்தான் பிள்ளையை அனுப்புறா, அழுதுட்டு எழுந்து அடுப்பைப் பார்க்குறா. நான் எழுந்திரிக்கலை. அது என் குத்தம், உன் பயணத்தோட குத்தம் இல்லை.

அப்பா வர்றதுக்கு முந்தின நாள்தான் எழுந்தேன். கல்லெல்லாம் வெளிறிப் போய், தொட்டா மாவு ஒட்டுச்சு. அன்னிக்கு ரெண்டு குடம் கண்ணீரும் நாலு தொட்டித் தண்ணியும் விட்டேன்னு வைச்சுக்கோ. ஆனா காய்ஞ்ச பிறகு ஊத்தி என்ன பிரயோஜனம். வெளியில பார்க்க எல்லாக் கல்லும் ஒரே கல்லு மாதிரிதான் இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு உங்க பெரியப்பா பட்டறைப் பின்சுவருக்குக் கல்லு எடுக்க அவரே வண்டியோட வந்தாரு. அப்பா ஊர்ல இல்லை, சாம்பல் லாரிக்குப் போயிருந்தாரு. அந்த வாரத்து அடுக்குதான் வாசலுக்குக் கிட்ட இருந்துச்சு. ஏத்துறதுக்கு முன்னாடி அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏம்மா, இது நல்லா இறுகின கல்லுதானே, தம்பி எழுதி வைச்சபடி தண்ணி அடிச்சாச்சானு கேட்டாரு. எப்பவும் கேட்பாரு, அவர் வேலைக்காரர், மரத்தையும் அப்படித்தான் காய்ஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் தொடுவாரு. நான் ஆச்சுங்க, எடுத்துட்டுப் போங்கன்னேன். ஒரு வார்த்தை. ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன்னு மூத்தவர்கிட்ட சொல்ல வெட்கம். அவ்வளவுதான் காரணம், வேற பெரிய காரணம் எதுவும் இருந்திருந்தா எனக்கு ஆறுதலா இருக்கும், தேடித் தேடிப் பார்த்துட்டேன், இல்லை.

மிச்சம் உனக்குப் பாதி தெரியும், பாதி நாங்க சொல்லலை. நாலு மாசம் அந்தச் சுவர் நின்னுச்சு. பத்து அடி உயரம், நீளமும் அதிகம். அவர் அதுல பழைய பலகைகளைச் சாய்ச்சு வைச்சிருந்தாரு. மூணு நாள் விடாம மழை. நாலாவது நாள் மத்தியானம் பலகை நனையுதுன்னு தார்ப்பாய் எடுத்துட்டுப் பின்பக்கம் போயிருக்காரு. உங்க பெரியம்மா முன்பக்கம் டீ ஆத்திக்கிட்டு இருந்தாங்களாம். லாரி கல்லு கொட்டுற மாதிரி சத்தம் கேட்டுச்சு, நம்ம வீட்டுல இருந்துதான் கல்லு வந்திருக்குன்னு நினைச்சேன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப உயிர் இருந்துச்சு. வண்டியில அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டே பலகையை மூடுங்கடா, பலகையை மூடுங்கடான்னு சொல்லிக்கிட்டே வந்தாராம். போய்ச் சேர்றதுக்குள்ள அடங்கிட்டாரு. உனக்கு போன் பண்ணினப்ப நீ கேட்ட முதல் கேள்வி எந்தக் கலவைப்பான்னுதான். புதுசுன்னு அப்பா சொன்னாரு. என் அளவுதான்ப்பா கொன்னுடுச்சுன்னு நீ சொன்னது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு, நான் பக்கத்துலதான் நின்னேன். இல்லைடான்னு அப்பா சொன்னாரு, ஆனா அவருக்கே அன்னிக்குத் தெரியாது. தெரிஞ்சவ நான் ஒருத்திதான். வாயில துணியை வைச்சு அடைச்ச மாதிரி நின்னேன்.

அப்பாவால சும்மா இருக்க முடியலை. காரியம் எல்லாம் முடிஞ்சதும், அடுக்குல மிச்சம் இருந்த கல்லுல வாரத்துக்கு ஆறு கல்லா எடுத்து, நீ மையில தேதி போடச் சொல்லியிருந்தியே, அந்தத் தேதி வரிசைப்படி கட்டிக்கிட்டு, இங்க நகரத்துல இருக்கிற பரிசோதனைக் கூடத்துக்குப் போனாரு. அங்க ஒரு பொண்ணுதான் இன்ஜினியர், உன் வயசு இருக்கும். மெஷின்ல வைச்சு அழுத்திப் பார்த்துச்சாம். புதுக் கலவையில முந்தின வாரத்துக் கல்லு மெஷின் முள்ளு எட்டைத் தாண்டியும் தாங்குச்சு, அடுத்த வாரத்துக் கல்லு எட்டரை தாங்குச்சு. நடுவுல அந்த ஒரு வாரத்துக் கல்லு மட்டும் மூணுல பொடிஞ்சுடுச்சு. ஒரே சாம்பல், ஒரே கசடு, ஒரே அளவு. அந்தப் பொண்ணு உடைஞ்ச துண்டைக் கையில நொறுக்கிக் காட்டி, கலவை எழுதினவர் கெட்டிக்காரர், இந்தக் கல்லு தண்ணி குடிக்கலைங்க, சிமெண்டு அவசரக்காரன், சாம்பல் நிதானக்காரன், இதுக்கு ஆரம்பத்துல தண்ணி காட்டலைன்னா கடைசி வரைக்கும் சாம்பலாவே இருந்துடும்னு சொல்லிச்சாம். அவ்வளவு நீளச் சுவருக்கு நடுவுல ஒரு தூண் இருந்திருக்கணும்னும் சொல்லிச்சு, ஆனா கல்லு நல்லா இருந்திருந்தா பிளந்து நின்னிருக்குமே தவிர இப்படி உட்கார்ந்திருக்காதுன்னுச்சு. அந்த ரிப்போர்ட்டை நகல் எடுத்து இந்தக் கடிதத்தோட வைச்சிருக்கேன். அம்மா உன்னைத் தேத்துறதுக்காகச் சொல்றான்னு நினைச்சா என் எழுத்தை விட்டுடு, அந்தத் தாளைப் படி, உனக்குத்தான் எண்ணு புரியுமே.

இதுக்கப்புறம் நான் செஞ்சதுதான் எல்லாத்தையும் விட மோசம். அப்பா ரிப்போர்ட்டோட வந்து யாரோ தண்ணி அடிக்கலைன்னாரு. என்னைப் பார்த்துச் சொல்லலை, என்னைச் சந்தேகப்படணும்னு அவருக்குத் தோணவே இல்லை. பைப்புக்காரம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு வாரம் ஏமாத்தின சோம்பேறித்தனத்துக்கு என் அண்ணனைக் கொடுத்துட்டேனே, இனிமே என் கண்ணுல படாதேன்னு சொன்னாரு. சத்தம் கூடப் போடலை. அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச்சு, நான் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு நின்னுச்சு. நான் தரையைப் பார்த்தேன். முந்தானையை உதறிக் கட்டிக்கிட்டுப் போயிடுச்சு. பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் சமைச்சேன், தண்ணி அடிச்சேன், உங்க பெரியம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போய் வைச்சேன், அவங்க தலையை மடியில வைச்சு வாரிவிட்டேன். அந்தக் கையாலயே. செத்தவர் செத்தாச்சு, சொன்னா திரும்பி வரப்போறாரா, இருக்கிறவங்க மனசாவது உடையாம இருக்கட்டும்னு எனக்கு நானே நியாயம் பேசிக்கிட்டேன். அப்புறம்தான் உன் கூட இருக்கிற பையன் போன் பண்ணினான்.

போனை வைச்சுட்டு நேரா அப்பாகிட்ட போனேன். மிக்ஸருக்குள்ள தலையை விட்டு பிளேடு மாத்திக்கிட்டு இருந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன், படுத்தது, அக்காவுக்கு நானே லீவு கொடுத்தது, தூறல், எல்லாம். ஸ்பேனரைக் கீழே வைச்சாரு. அண்ணன் உன்னைக் கேட்டாரான்னு கேட்டாரு. கேட்டாருன்னேன். என்ன சொன்னன்னாரு. ஆச்சுன்னு சொன்னேன்னேன். கை கிரீஸைத் துடைச்சுக்கிட்டே, நீ இல்லைன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும், சரிம்மான்னு அடுத்த அடுக்குல எடுத்திருப்பாரு, அவ்வளவுதானேன்னாரு. அதுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். மறுநாள் காலையில பைப்புக்காரம்மா வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்காரு. அந்த அக்கா வேலைக்கு வந்துடுச்சு. எல்லாரோடவும் பேசுது, என்னோட வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுது. நியாயம்தான். இடிஞ்ச சுவரோட கல்லை உங்க பெரியம்மா தன் கண் முன்னாடி இருக்கக் கூடாதுன்னதால அப்பா எடுத்துட்டு வந்து நம்ம யார்டுல கொட்டியிருந்தாரு. ஊரு இடிபாட்டை எல்லாம் அரைச்சவருக்கு அதை க்ரஷர்ல போட மனசு வரலை. வேலையாளுங்களும் அதைச் சுத்திப் போனாங்களே தவிர தாண்டிப் போகலை. போன வாரம் ரோடு போடுறவங்க வந்து அடியில நிரப்பக் கேட்டாங்க, அள்ளிட்டுப் போகச் சொல்லிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துட்டாரு. லாரி போற வரைக்கும் வெளியில வரலை.

அப்பாகிட்ட சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே உங்க பெரியம்மாகிட்டயும் போனேன். பட்டறையில அவர் பாதி இழைச்சு விட்ட கதவு அப்படியே மேசை மேல கிடக்கு, அதுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் கீழே உட்கார்ந்து சொன்னேன். அழுதேன். அவங்க அழலை. நான் முடிக்கிற வரைக்கும் மரத்தூளை விரலால ஒதுக்கிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், தினமும் வந்து எனக்குத் தலை வாரினியே, அதுக்கு மனசு வந்துச்சா உனக்குன்னு கேட்டாங்க. இனிமே சாப்பாடு கொண்டு வராதேன்னாங்க. எழுந்து வாசல் வரைக்கும் வந்துட்டேன். பின்னாடியே கூப்பிட்டாங்க. அவன் இன்னும் தன் கணக்காலதான்னு நினைச்சுக்கிட்டு இருக்கானானு கேட்டாங்க. ஆமாக்கா, வேலையைக் கூட விட்டுட்டான்னேன். அப்பதான், தம்பி, அவங்க அழுதாங்க. அவர் சாவுக்கு அழாத அழுகை அது. அழுது முடிச்சுட்டுச் சொன்னாங்க, உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரலை, வரும்போது வரட்டும், வராமலும் போகும், ஆனா அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கே எழுது, போனவர் தூக்கி வளர்த்த பிள்ளை அது, அவன் தலையில இந்தச் சுவர் விழக் கூடாது. இன்னிக்கேன்னு சொன்னாங்க, எனக்கு எழுத ஆறு நாள் ஆச்சு. நாலு தாள் கிழிச்சேன். எதுலயும் என் குத்தத்தைக் கொஞ்சம் சின்னதாக்கித்தான் எழுதியிருந்தேன், அதான் கிழிச்சேன்.

நீ இப்ப என்னை என்ன நினைப்பன்னு தெரியலை. தெரிஞ்சுக்க அவசரமும் இல்லை. ஆனா அந்தக் கிடங்கு வேலையை விடு. பெட்டி இறக்குறது கேவலம்னு சொல்லலை, அது தண்டனைன்னு நினைச்சு நீ இறக்குற, அந்தத் தண்டனை உன்னோடது இல்லை. உன் கலவை நல்ல கலவை. அப்பா அதை மாத்தலை, இப்பவும் அதே அளவுலதான் ஓடுது. அவர் முன்ன மாதிரி கேலி பேசுறதில்லை, ஆனா யாராவது சாம்பல் கல்லாச்சேன்னு இழுத்தா ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி என் பையன் கணக்குன்னு சொல்றாரு. நேரத்துக்குச் சாப்பிடு. குளிர்ல காலுறை இல்லாமப் படுக்காதே, உனக்குச் சின்ன வயசுல இருந்தே குதிகால் வெடிக்கும். அந்தக் கூட இருக்கிற பையனை உட்கார வைச்சு நடந்ததைச் சொல்லு, அம்மாதான் காரணம்னே சொல்லு, மறைக்காதே, ஒருத்தர்கிட்டயாவது வாய்விட்டுச் சொன்னாத்தான் நெஞ்சு இளகும். நல்லா இரு ராசா. நூறு வருஷம் உன் கட்டடம் நிக்கட்டும், அதுக்குள்ள வாழுறவங்க உன்னை வாழ்த்தட்டும், உன் கண்ணுக்கு முன்னாடி யாருக்கும் எந்தத் தீங்கும் வர வேண்டாம்.

மறக்காம ஒண்ணு மட்டும் செய். இதைப் படிச்சு முடிச்சதும் எனக்கு போன் பண்ண வேண்டாம், எனக்கு நீ எப்பப் பண்ணினாலும் போதும், பண்ணலைன்னாலும் புரிஞ்சுக்குவேன். முதல்ல உங்க பெரியம்மாவுக்குப் பண்ணு. நீ பேச வேண்டியதில்லை, என்ன பேசுறதுன்னு யோசிச்சுத் தள்ளிப் போடாதே. பெரியம்மான்னு கூப்பிடு, அது போதும். அந்த வீட்டுல அவங்களைக் கூப்பிட ஒரு குரல் இல்லாம இருக்கு.

நீ எப்படி நினைச்சாலும் உனக்கு,
அம்மா